சித்தப்பாவின் உயில்

1833-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் இம்மானுவேல் நோபெல் என்ற கட்டடக் கலைஞர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. நோஞ்சான் குழந்தை. பிழைக்குமோ பிழைக்காதோ என்று தாய் அந்திரியெட்டா அஞ்சி அஞ்சி வளர்த்த அந்தப் பிள்ளைதான் ஆல்பிரட் நோபெல்.

ஆண்டுதோறும் அக்டோபர் பிறந்தால் நம் ஆய்வுக்கூடங்களிலும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலும் இந்தப் பெயர் அடிபடுகிறது. இம்முறை பரிசு யாருக்கு என்று பந்தயம் கட்டுகிறோம். பரிசை ஏற்படுத்தியவரைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலருக்கும் தெரிந்தது இரண்டே வரிதான். டைனமைட்டைக் கண்டுபிடித்தார், பிறகு மனம் வருந்திச் சொத்தையெல்லாம் எழுதி வைத்தார். இவ்வளவோடு கதை முடிந்துவிடுகிறது. தனி மரமாக நின்ற ஒரு மேதை, மணம் புரியாதவர், ஊர் ஊராகத் திரிந்தவர் என்ற சித்திரம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அது பொய்யான சித்திரம் அன்று. ஆனால் அந்தத் தனி மரத்தின் வேர்கள் ஒரு குடும்பத் தொழிலில் பின்னிக் கிடந்தன. தந்தையின் தொழில், தமையன்மாரின் தொழில், அவர்களுடைய பிள்ளைகளின் பங்கு ஆகிய இவற்றை விலக்கிவிட்டு ஆல்பிரட்டின் வாழ்க்கையைச் சொல்வது, பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பது போன்றது. இரசாயன மாணவனாகிய எனக்கு வெடிமருந்தில் ஆர்வம் இருப்பது இயல்பே. ஆனால் கடைக்காரன் மகனாகிய எனக்கு அந்தப் பேரேட்டில்தான் ஆர்வம் மிகுதி.

தந்தை இம்மானுவேல் தளராத மனிதர். கடன் கொடுத்தவர்கள் கழுத்தை நெரிக்கவே, 1837-இல் மனைவி மக்களை ஸ்டாக்ஹோமில் விட்டுவிட்டுப் பின்லாந்துக்குப் போனார். அங்கிருந்து ரஷ்யத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை அடைந்தார். அந்திரியெட்டா அம்மையார் பாலும் காய்கறியும் விற்கும் சிறு கடை ஒன்றை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். நோபெல் குடும்பத்தில் ஒரு முறையும் நொடிக்காத தொழில் அந்தக் கடை ஒன்றுதான் என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு!

பீட்டர்ஸ்பர்க்கில் தந்தைக்கு அதிர்ஷ்டம் திரும்பிற்று. நீருக்கடியில் மிதக்கவிட்டுப் பகைவர் கப்பலைத் தகர்க்கும் கண்ணிவெடிகளை அவர் செய்து காட்டினார். ஜார் அரசாங்கம் ஆதரவு தந்தது. 1842-இல் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது. மூத்தவர் ராபர்ட், அடுத்தவர் லுட்விக், மூன்றாமவர் ஆல்பிரட். அடுத்த ஆண்டு எமில் பிறந்தான். 1853-இல் கிரிமியப் போர் மூண்டபோது பின்லாந்து வளைகுடாவில் நோபெல் கண்ணிகள் மிதந்தன. போர்க் கப்பல்களுக்கு நீராவி எந்திரங்களும் இவர்களுடைய தொழிற்சாலையில் செய்யப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள்.

அந்தச் செழிப்புக் காலத்தில் இம்மானுவேல் செய்த ஒரு செலவை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தேர்ந்த ஆசிரியர்களை அமர்த்தினார். ஆல்பிரட் பதினேழு வயதிற்குள் சுவீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளிலும் பேசவும் எழுதவும் வல்லவரானார். நிக்கொலாய் ஜினின் என்னும் புகழ்பெற்ற இரசாயனப் பேராசிரியர் அவருக்குப் பாடம் சொன்னார். பிறகு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். பாரிசில் பெலூஸ் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். அந்தப் பெலூசின் பழைய மாணவரான இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-இல் ஒரு புதிய திரவத்தைக் கண்டிருந்தார். அதுவே நைட்ரோகிளிசரின். அதைக் கண்டவரே அதைக் கண்டு நடுங்கி ஒதுங்கியிருந்தார்.

போர் 1856-இல் முடிந்தது. புதிய ஜார், புதிய அதிகாரிகள். பழைய வாக்குறுதிகள் காற்றில் பறந்தன. ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பிய தொழிலுக்கு என்ன கதி நேருமோ அதுவே நேர்ந்தது. 1859-இல் இம்மானுவேல் இரண்டாம் முறையாக நொடித்துப் போய், மனைவியுடனும் இளைய மகனுடனும் ஸ்டாக்ஹோம் திரும்பினார். எந்திரங்கள் போயின, கட்டடம் போயிற்று, ஐந்து மொழியும் இரசாயனமும் மட்டும் ஏலத்திற்கு வரவில்லை.

இனி மூன்று தமையன் தம்பியரும் தனித்தனித் தொழிலுக்கு வழி தேட வேண்டியவர்களானார்கள். இங்கே ஒரு விந்தையைப் பாருங்கள். கடன் கொடுத்தவர்களே லுட்விக்கை அழைத்து, நொடித்த தொழிற்சாலையை நிர்வகிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். தந்தையின் பெயர் கெட்டிருந்தது. மகனின் கைத்திறன் மேல் நம்பிக்கை கெடவில்லை. சில ஆண்டுகள் பிறருக்காக அதை நடத்திவிட்டு, 1862-இல் லுட்விக் தமக்கென ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அது வளர்ந்து ரஷ்யாவின் பெரிய எந்திரத் தொழிற்சாலைகளுள் ஒன்றாயிற்று. தந்தையின் வீழ்ச்சியை உள்ளிருந்தே கணக்குப் பார்த்தவர் அவர். ராபர்ட் பின்லாந்தில் விளக்கெண்ணெய் வியாபாரம் முதலிய பலவற்றில் கைவைத்தார்; எதுவும் சரியாகப் பலிக்கவில்லை.

ஆல்பிரட்டோ நைட்ரோகிளிசரினை எடுத்துக்கொண்டார். முன்பே ஜினின் அவருக்கும் தந்தைக்கும் அதன் குணத்தை ஒரு பட்டடைக் கல்லின் மேல் காட்டியிருந்தார். ஒரு துளியை விட்டுச் சம்மட்டியால் அடித்தால், அடி விழுந்த இடம் மட்டும் வெடிக்கும். மற்ற இடத்துத் திரவம் சும்மா கிடக்கும். கரிமருந்துக்கு நெருப்பு வைத்தால் போதும், பற்றிக்கொள்ளும். இந்தத் திரவம் அப்படியன்று. மெல்லிய படலமாகப் பரப்பி நெருப்பு வைத்தால் எரிந்து போகுமே அன்றி வெடிக்காமலும் இருக்கலாம். வேண்டும்போது வெடிக்காமலும் வேண்டாதபோது வெடித்தும் ஆளைக் கொல்லும் ஒரு பொருளை எப்படி வேலை வாங்குவது? தந்தை இம்மானுவேல் அதைக் கரிமருந்தோடு கலந்து பார்த்தார். புதிதாகக் கலந்தபோது பலன் இருந்தது. சில மணி நேரம் சென்றபின் திரவம் துளைகளுக்குள் ஊறி வலிமை குன்றிற்று. ஆல்பிரட் வேறு வழியில் சிந்தித்தார். இதற்கு வேண்டியது சூடு அன்று, அதிர்ச்சி என்று உணர்ந்தார். சிறிதளவு கரிமருந்தைத் தனியே அடைத்து, திரவத்தினுள் வைத்து, அதை முதலில் வெடிக்கச் செய்தார். அந்த அதிர்ச்சியில் திரவம் முழுவதும் ஒரே நொடியில் வெடித்தது. பின்னர் கரிமருந்துக்குப் பதிலாகப் பாதரசப் பல்மினேட்டைச் செப்புக் குப்பியில் அடைத்தார். இதுவே டெட்டனேட்டர். டைனமைட்டைவிட இதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று வெடிமருந்து இயல் அறிந்தோர் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பொருளைப் புதிதாகப் படைக்காமல், அதை ஏவும் முறையைக் கண்டார்.

1863-இல் சுவீடனில் காப்புரிமை ஆல்பிரட்டின் பெயரில் பதிவாயிற்று. இங்கேதான் குடும்பத்திற்குள் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. யோசனை தம்முடையது என்றார் தந்தை. நைட்ரோகிளிசரினும் கரிமருந்தும் சேர்த்து முதலில் முயன்றவர் தாமே அன்றோ என்பது அவர் வாதம். இருமுறை நொடித்த முதியவருக்கு, மூன்றாம் முறை எழுந்து நிற்க இது ஒன்றே ஊன்றுகோலாகத் தெரிந்திருக்கும். முப்பது வயது மகன் பணிந்து போகவில்லை. எது தந்தையின் முயற்சி, எது தம் முயற்சி என்று வரிசைப்படுத்தி, மரியாதை குறையாமல், ஆனால் வளைந்து கொடுக்காமல் கடிதம் எழுதினார். உறவு முறியவில்லை, உரிமையும் கைமாறவில்லை. மகன் இப்படிக் கணக்குக் கேட்டது தகுமா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். நானோ அந்தக் கடிதம் எழுதப்பட்டதால்தான் தந்தையும் மகனும் கடைசிவரை பேசிக்கொண்டார்கள் என்று எண்ணுகிறேன். எழுதாமல் மனத்திற்குள் வைத்திருந்தால் அதுவே நஞ்சாகியிருக்கும். அண்ணன் ராபர்ட்டும் இந்தக் காலத்தில் ஓர் அறிவுரை சொன்னார். கண்டுபிடிப்புத் தொழிலை விட்டுவிடு என்பது அந்த அறிவுரை. தந்தையைப் பார்த்துப் பயந்த பிள்ளையின் குரல் அது.

1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் ஹெலனபோரி என்ற இடத்தில் இவர்களுடைய கொட்டகை வெடித்துச் சிதறியது. இருபது வயது நிரம்பிய தம்பி எமிலும் உடனிருந்த வேறு சிலரும் மாண்டார்கள். எமில் கல்லூரியில் படிக்கும் வயதினன். விடுமுறையில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் உதவி செய்ய வந்தவன். சில மாதங்களில் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். எட்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்து, 1872-இல் அதே செப்டம்பர் 3-ஆம் நாள் கண்ணை மூடினார்.

எமிலின் மரணத்தை நான் படிக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு எழுந்து நடப்பதுண்டு. குடும்பத் தொழில் என்றால் கூலியில்லாமல் கிடைக்கும் கைகள் உண்டு. தம்பி வருவான், மருமகன் வருவான், ஒப்பந்தமில்லை, கணக்கில்லை. சிறு முதலுடன் தொடங்குகிறவனுக்கு அது எத்தனை பெரிய உதவி! ஆனால் அந்தக் கைகளுக்கு என்ன நேர்ந்தாலும், நட்டம் அம்மாவின் வீட்டில்தான் விழுகிறது.

விபத்து நடந்து இரண்டு மாதத்திற்குள் ஆல்பிரட் கம்பெனி தொடங்கிவிட்டார். கல்நெஞ்சர் என்று சிலர் சொல்வர். கடன் கழுத்தளவு இருந்தது, வேறு வழி என்ன? பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உறவினரிடமிருந்து அன்று. யோஹன் வில்ஹெல்ம் ஸ்மித் என்ற ஸ்டாக்ஹோம் செல்வர் முதலீடு செய்தார். நோபெல் வீட்டின் பழைய கதையெல்லாம் தெரிந்தும், இரத்த உறவு எதுவும் இல்லாத ஒருவர், பொருளையும் ஆளையும் எடைபோட்டுப் பணம் கொடுத்தார். தந்தைக்கும் அதில் பங்கு இருந்தது. ராபர்ட்டும் சில காலம் அங்கே நிர்வாகியாக இருந்தார். ஆனால் கணக்கைப் பார்க்க வெளியார் ஒருவர் வந்துவிட்டதால், இது இனி வீட்டுத் தொழில் அன்று, கம்பெனி என்றாயிற்று. நகர எல்லைக்குள் செய்யக் கூடாது என்று அரசு தடுத்தபோது, ஏரியில் ஒரு படகின் மேல் நைட்ரோகிளிசரின் காய்ச்சினார்கள்.

பிறகு நடந்தவற்றை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள்; நான் விரைந்து கடக்கிறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே க்ரூமெல் என்ற இடத்தில் ஆலை அமைந்தது. 1867-இல் மூன்று பங்கு நைட்ரோகிளிசரினை ஒரு பங்கு கீசல்கர் என்னும் நுண்மண்ணில் ஊறவைத்து டைனமைட் பிறந்தது. சுரங்கங்களும் மலைக் குகைப் பாதைகளும் கால்வாய்களும் அதைக் கொண்டு வெட்டப்பட்டன. நாடு தோறும் ஒரு கம்பெனி, அந்தந்த நாட்டுக் கூட்டாளிகள், தமக்கு அதில் பங்கு என்பது ஆல்பிரட்டின் முறை. பின்னாளில் ஏறத்தாழ இருபது நாடுகளில் தொண்ணூறு தொழிற்சாலைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். 355 காப்புரிமைகள். இவ்வளவு பெரிய அமைப்பில் உடன்பிறந்தாரைப் பெரும் பொறுப்பில் வைத்ததாகக் காணோம். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒரு பத்தி. பொறுத்தருள்க. தென்பாண்டிச் சீமையிலிருந்து நாகபுரிக்குப் பிழைக்க வந்த பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து அங்கே ஒரு மளிகைக் கடை நடத்துகிறார்கள். பெரியப்பாவின் மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் பினாயிலும் பாத்திரம் துலக்கும் சோப்பும் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். கடையின் பெயரைச் சொன்னதும் மூலப்பொருள் கடனுக்குக் கிடைத்தது. வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சரக்குக்கு முதல் அலமாரியும் எங்கள் கடையே. இத்தனையும் நன்மைதான். ஆனால் சரக்கு நன்றாயிருப்பதால் விற்கிறதா, எங்கள் கடைப் பையன் எடுத்துக் கொடுப்பதால் விற்கிறதா என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. தீபாவளிச் சரக்கு எடுக்கக் கடைக்குப் பணம் முடை வந்தால், அண்ணனின் கைமுதலில்தான் முதலில் கை விழும். பெரியப்பாவிடம் வட்டி கேட்கவும் முடியாது; பாக்கி கேட்கவும் முடியாது. எம்.எஸ்ஸி. முடித்ததும் நான் அங்கே வந்து இரசாயனப் பகுதியை ஏற்க வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். கோடை விடுமுறைக்குப் பின் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நோபெல் குடும்ப வரலாற்றை நான் இத்தனை கருத்தாகப் படிப்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மீண்டும் ரஷ்யாவுக்குப் போவோம். லுட்விக்கின் தொழிற்சாலை ரஷ்ய இராணுவத்திற்குத் துப்பாக்கி செய்யும் பெரிய ஒப்பந்தத்தைப் பெற்றது. துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் வேண்டும். 1873-இல் அதை வாங்கி வர அண்ணன் ராபர்ட்டை 25,000 ரூபிள் கொடுத்துக் காக்கசஸ் நாட்டுக்கு அனுப்பினார். ராபர்ட் பாக்கு நகரத்தை அடைந்தார். அங்கே மண்ணைத் தோண்டினால் எண்ணெய். மரம் வாங்க வந்த பணத்தில் ஒரு சிறு சுத்திகரிப்பு ஆலையை வாங்கிப் போட்டார்!

அயலார் ஒருவர் இதைச் செய்திருந்தால் வழக்கும் சிறையும்தான். அண்ணன் ஆகையால் லுட்விக் பொறுத்தார். பொறுத்ததோடு மேலும் பணமும் தந்தார். ராபர்ட் நல்ல இரசாயன அறிவு உள்ளவர். மற்றவர்களைவிடத் தூய்மையான மண்ணெண்ணெயை வடித்தெடுத்தார். லுட்விக் எண்ணெய் போகும் வழியையே மாற்றினார். கழுதை வண்டிப் பீப்பாய்களுக்குப் பதிலாகக் குழாய்வழி அமைத்தார். காஸ்பியன் கடலில் ஓட, எண்ணெயைத் தொட்டியாகவே சுமந்து செல்லும் ஜொராஸ்டர் என்ற கப்பலை 1878-இல் சுவீடனில் கட்டுவித்தார். இன்று கடல்களில் ஓடும் எண்ணெய்க் கப்பல்களுக்கெல்லாம் அது முன்னோடி. குடும்பத் தொழிலின் பொறுமை இல்லையென்றால் இந்தப் புதுத் தொழில் முதல் மாதத்திலேயே செத்திருக்கும். இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் 1879-இல் நோபெல் சகோதரர் கம்பெனி என்று முறையாகப் பதிவானபோது பங்குகளைப் பாருங்கள். மொத்த முதல் முப்பது இலட்சம் ரூபிள். லுட்விக்குக்கு 16,10,000. நண்பரும் கூட்டாளியுமான பில்டர்லிங்குக்கு 9,30,000. ஆல்பிரட்டுக்கு 1,15,000. எண்ணெயைக் கண்டு ஆலையை முதலில் நிறுவிய ராபர்ட்டுக்கு ஒரு இலட்சம். பணம் போட்ட அளவுக்குப் பங்கு. சட்டப்படி இதில் குற்றம் காண முடியாது. ஆயினும் தாம் தொடங்கிய தொழிலில் உடன்பிறந்தார் மூவருள் தாமே கடைசியாக நிற்பதைக் காணும் மூத்தவர் மனம் என்ன பாடுபடும்! உடல்நலமும் குன்றவே, ராபர்ட் கசப்போடு சுவீடன் திரும்பினார்.

ஆல்பிரட் பாரிசில் இருந்தபடியே இந்தக் கம்பெனிக்குப் பணம் தந்தார். கடன் நெருக்கடி வந்தபோதெல்லாம் கைகொடுத்தார். கூடவே கண்டிப்பான கடிதங்களும் அனுப்பினார். முதலில் கட்டிவிட்டுப் பிறகு பணத்துக்கு அலைகிறார் அண்ணன் என்பது அவர் குறை. தந்தையின் பீட்டர்ஸ்பர்க் தொழிற்சாலையை அவர் மறக்கவில்லை. லுட்விக்கோ எந்திரத்திலும் தொழிலாளரிலும் நம்பிக்கை வைத்தவர். பங்குச் சந்தை வித்தைகளில் அல்லர். இருவரும் சொன்னதில் நியாயம் உண்டு. எண்ணெய்க் கம்பெனி நிமிர்ந்தது. காக்கசஸ் மலையில் சூரம் கணவாய் வழியே 1889-இல் குழாய்வழி அமைத்தபோது பாறையைப் பிளந்தது தம்பியின் டைனமைட். ஆனால் அதைக் காண லுட்விக் இல்லை. 1888 ஏப்ரலில் பிரான்சில் அவர் காலமாகியிருந்தார்.

அடுத்த ஆண்டு தாயும் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணம் பெரும்பாலும் ஆல்பிரட் அனுப்பியதே. தமக்கு வந்த பங்கிலிருந்து ஒரு தொகையைத் தாயின் பெயரால் ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிலையத்துக்கு ஆராய்ச்சி நிதியாக அளித்தார். பின்னால் வரப்போகும் உயிலின் முதல் விதை இங்கே விழுந்தது என்று சொல்லலாம். பால் கடை அம்மையாரின் பெயரில்!

1895 நவம்பர் 27-ஆம் நாள் ஆல்பிரட் பாரிசில் தம் கடைசி உயிலில் கையெழுத்திட்டார். வழக்கறிஞர்களை நம்பாதவர் ஆகையால் தாமே எழுதினார். அண்ணன்மார் பிள்ளைகளுக்குச் சில இலட்சங்கள். பணியாளர்க்கும் நண்பர்க்கும் சிறு தொகைகள். எஞ்சிய பெருஞ்செல்வம் முழுவதும் பௌதிகம், இரசாயனம், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய ஐந்து பரிசுகளுக்கு. 1893-இல் எழுதிய முந்திய உயிலில் உறவினர்க்கு இதைவிட அதிகம் வைத்திருந்தார், அதைத் தள்ளிவிட்டார். 1896 டிசம்பர் 10-ஆம் நாள் இத்தாலியில் சான் ரெமோ நகரில், சுற்றத்தார் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ராபர்ட்டும் போய்விட்டார். சொத்து மூன்று கோடிச் சுவீடிஷ் குரோனாவுக்கு மேல்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இருவரிடம் விடப்பட்டது. ஒருவர் ராக்னர் சோல்மன். ஆல்பிரட்டின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த இரசாயனப் பொறியாளர். வயது இருபத்தாறு! என்னைவிட மூன்றே வயது மூத்தவர். உயிலில் தம் பெயர் இருப்பதைத் தந்தியில் கண்டு திகைத்துப் போனார். உயிலோ ஓட்டை நிறைந்தது. பரிசு கொடுக்க வேண்டிய கழகங்களை ஆல்பிரட் முன்கூட்டிக் கேட்கவில்லை. பணத்தை வைத்துக் காக்க ஓர் அமைப்பும் இல்லை. எந்த நாட்டு நீதிமன்றத்திற்கு அதிகாரம் என்பதே வழக்காயிற்று. ராபர்ட்டின் பிள்ளைகள் உயிலை எதிர்த்தார்கள். பாரிசில் இருக்கும் பத்திரங்களைப் பிரெஞ்சு நீதிமன்றம் முடக்கிவிடும் முன் வெளியேற்ற வேண்டும் என்று சோல்மன் முடிவு செய்தார். வங்கியிலிருந்து பத்திரக் கட்டுகளை எடுத்து, குதிரை வண்டியில் வைத்து, மடியில் கைத்துப்பாக்கியுடன் தாமே அமர்ந்து, சுவீடன் துணைத் தூதரகத்திற்குக் கொண்டுபோய்க் கட்டி, நாட்டை விட்டு அனுப்பினார். ஆய்வுக்கூட உதவியாளர்கள் இந்த வேலையும் செய்ய நேரிடும் என்பதை நம் துறையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

எல்லாம் இப்போது ஒரே ஒருவர் கையில் வந்து நின்றது. லுட்விக்கின் மூத்த மகன், பாட்டனின் பெயரைத் தாங்கிய பேரன், எமானுவேல் நோபெல். ஆல்பிரட் அவருக்குச் சித்தப்பா முறை. (நமக்கும் அப்படி ஒரு சித்தப்பா உண்டு; 1930-இல் நோபெல் பரிசு பெற்ற இராமனுடைய அண்ணன் மகன்தான் 1983-இல் அதே பரிசு பெற்ற சந்திரசேகர்.) தந்தைக்குப் பின் பாக்குக் கம்பெனியை நடத்தி வந்தவர் எமானுவேல். சித்தப்பாவிடம் அந்தக் கம்பெனியின் பங்குகள் பெருமளவு இருந்தன. உயில்படி அவற்றைச் சந்தையில் விற்றால் விலை சரியும். கம்பெனியின் கட்டுப்பாடு அயலார் கைக்குப் போகலாம். தந்தை கட்டியது ஆட்டங்காணும். தம்பி தங்கையர் பலர். மூத்தவர் என்ற முறையில் அவர்கள் எதிர்காலமும் இவர் பொறுப்பு. உயில் செல்லாது என்று இவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஓட்டை உயில் நிலைத்திருக்குமா என்பது பெரிய ஐயம்.

சுவீடனின் மன்னர் ஆஸ்கார் 1898 பிப்ரவரியில் எமானுவேலை அழைத்துப் பேசினார். உங்கள் சித்தப்பா அமைதிப் பித்தர்களின் பேச்சைக் கேட்டுவிட்டார், உடன்பிறந்தாரின் நலனைக் காப்பது உங்கள் கடமை என்ற கருத்தில் மன்னர் சொன்னார். எமானுவேல் இணங்கவில்லை. அறிஞர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தின்றவர்கள் என்று நாளை என் தம்பி தங்கையரை உலகம் தூற்ற நான் இடங்கொடேன் என்ற பொருள்பட மறுமொழி கூறினார். ரஷ்ய மொழியில் உயிலை நிறைவேற்றுபவரைக் குறிக்கும் சொல்லுக்கு, இறந்தவரின் ஆன்மாவுக்காகக் காரியம் பார்ப்பவர் என்று பொருளாம். அந்தச் சொல்லை இளைஞர் சோல்மனுக்கு எடுத்துச் சொல்லி, அதற்கு ஏற்ப நடக்கும்படி சொன்னவரும் எமானுவேலே.

அவர் கம்பெனியையும் காப்பாற்றிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். துறவியாக்கி விடக் கூடாது. சித்தப்பாவின் எண்ணெய்ப் பங்குகளை ஒரு விலை பேசிக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. ராபர்ட்டின் பிள்ளைகளும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு 1898 ஜூனில் வழக்கை விட்டார்கள். 1900 ஜூன் 29-ஆம் நாள் நோபெல் அறநிலையத்தின் விதிகள் அங்கீகாரம் பெற்றன. 1901 டிசம்பர் 10-ஆம் நாள், ஆல்பிரட் இறந்த ஐந்தாம் ஆண்டு நினைவு நாளில், முதற் பரிசுகள் வழங்கப்பட்டன.

அதன் பின் எண்ணெய்க் கம்பெனி மேலும் வளர்ந்தது. 1917-இல் புரட்சி வந்தது. எமானுவேல் மாறுவேடத்தில் ரஷ்யாவை விட்டுத் தப்பினார். 1920 ஏப்ரலில் செஞ்சேனை பாக்குவில் நுழைந்தது. கிணறுகள், குழாய்கள், கப்பல்கள் யாவும் அரசுடைமையாயின. குடும்பத்தார் கையிலிருந்த பங்குகளில் பாதியை அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி அந்த ஆண்டு விலைக்கு வாங்கியிருந்தது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் பணமும் பாக்குவிலேயே இருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிருக்கும்.

எமானுவேல் கடைசிக் காலத்தைச் சுவீடனில் கழித்து 1932-இல் மறைந்தார். மணம் செய்துகொள்ளாதவர், சித்தப்பாவைப் போலவே. 1930 டிசம்பரில் தலைப்பாகையோடு நம் சந்திரசேகர வெங்கட்டராமன் ஸ்டாக்ஹோம் மேடையில் ஏறிப் பரிசு வாங்கியபோது, அந்தப் பரிசை வழக்கு மன்றத்தில் விழாமல் தாங்கிப் பிடித்த அண்ணன் மகன், எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாத எழுபத்தொரு வயதுக் கிழவராக அந்நாட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்.